கோட் தைத்தவருக்குக் கதவடைத்த கிளப்!

சனிக்கிழமை இரவு. நைரோபியில் கோவாக்காரர்களின் கிளப்பில் நடனம். உள்ளே போகிற ஒவ்வொருவரின் கோட்டும் அவ்வளவு கச்சிதம். அதை அளவெடுத்துத் தைத்தவரும் கோவாக்காரர்தான். பேசுவது அதே கொங்கணி. ஞாயிறு பூசைக்குப் போவதும் அதே தேவாலயம். ஆனால், கிளப்புக்குள் மட்டும் அவருக்கு இடமில்லை!

கோவா 1961 வரை போர்ச்சுக்கீசியர் வசம் இருந்தது. சொந்த ஊரில் பிழைப்பு இல்லாமல், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் கென்யா, உகாண்டாவின் அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் குமாஸ்தா ஆனார்கள். மற்றவர்கள் தையல்காரர், சமையல்காரர், பேக்கரிக்காரர் ஆனார்கள்.

கிளப் என்றால் வெறும் ஆட்டம் பாட்டம் மட்டுமல்ல. விளையாட்டு, விருந்து, பழக்கவழக்கம் எல்லாமே அங்கேதான். கதவு சாத்தப்பட்டது தையல்காரருக்கு மட்டுமல்ல, அவர் பிள்ளைகளுக்கும்தான். மதம் மாறியும் விடாமல் கூடவே வந்த பாமண், சார்டோ, சூத்திர் என்ற சாதிப் பிரிவுகளும் இதில் சேர்ந்துகொண்டன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் குமாஸ்தாவுக்கும் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அனுமதி கிடையாது. சம்பளத்திலும் ஐரோப்பியருக்கு ஒரு விகிதம், ஆசியருக்கு அதைவிடக் குறைவு, ஆப்பிரிக்கருக்கு எல்லாவற்றிலும் குறைவு. பகலெல்லாம் தான் பட்ட அவமானத்தை, மாலையில் தன் ஊர்க்காரருக்கே திருப்பிக் கொடுத்தார் அவர்.

தையல்காரர்கள் வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. நைரோபியில் தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். 'தையல்காரர்' என்று எந்தத் தொழிலைச் சொல்லி ஒதுக்கினார்களோ, அதே தொழிலின் பெயரைத்தான் சங்கத்துக்கும் வைத்தார்கள்!

காலம் மாறியது. நாடுகள் விடுதலை பெற்றதும், அரசு வேலைகள் அந்தந்த நாட்டு ஆப்பிரிக்கர்களுக்குப் போகத் தொடங்கின. குமாஸ்தாவின் நாற்காலி ஆடியது. 1972-ல் உகாண்டாவில் இடி அமின், ஆசியர்கள் 90 நாள்களில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். மேசை வேலை பார்த்தவரும் ஊசி பிடித்தவரும் பெட்டியோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் கிளப் உறுப்பினர் அட்டையை யாரும் கேட்கவில்லை. ஆனால், பத்திரமாகக் கொண்டுபோன பொருள் ஒன்று தையல்காரரிடம் இருந்தது. அது, அவர் கைத்தொழில்!