இளைய தலைமுறையும் சமயச் சார்பும்: இங்கிலாந்து, வேல்சு கணக்கெடுப்பை முன்வைத்து

நவீனச் சமூகத்தில் இளைஞரிடையே சமயம் தேய்ந்து வருகிறது என்னும் கருத்தை இங்கிலாந்து, வேல்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அங்கு 'சமயம் இல்லை' என்று குறித்தோர் 2011இல் 25.2 விழுக்காட்டினர், 2021இல் 37.2 விழுக்காட்டினர். இவர்களின் இடைநிலை வயது 32. கிறித்தவர்களின் இடைநிலை வயது 51. இவ்வேறுபாடு மேற்கண்ட கருத்திற்கு அரண் சேர்க்கிறது. எனினும், அதே பத்தாண்டில் இசுலாமியர் 4.9 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தனர். அவர்களின் இடைநிலை வயது 27. ஆகவே, குறைந்திருப்பது முதன்மையாகக் கிறித்தவ அடையாளமே எனலாம். மேலும், கணக்கெடுப்பு வினவுவது சமயச் சார்பினை மட்டுமே. நம்பிக்கையையோ வழிபாட்டையோ அன்று. சார்பின்றியும் நம்பிக்கை நிலவும் என்பதைச் சமூகவியலாளர் கிரேசு டேவி 1994இல் விளக்கினார். எனவே, சமயச் சரிவினைப் பேசும் ஆய்வு, எந்தச் சமயம், எந்த அளவுகோல் என்பவற்றை முதலில் வரையறுத்தல் வேண்டும்.