விழித்திரைப் பிரிகையும் மெலற்றோனினும்

கண்ணின் உட்புறத்தே படர்ந்துள்ள மெல்லிய படலமே விழித்திரை. அதிலுள்ள கோல்களும் கூம்புகளுமாகிய ஒளியுணர் கலங்கள், பின்னாலமைந்த நிறப்படையின் வழியாகத் தோலுருவின் குருதிக்குழாய்களிலிருந்து ஓட்சிசனையும் ஊட்டத்தையும் பெறுகின்றன. விழித்திரை அந்நிறப்படையினின்று விலகுவதே விழித்திரைப் பிரிகை எனப்படும். விலகிய இடத்திலுள்ள கலங்கள் ஊட்டங் குன்றி மடியத் தொடங்குகின்றன.

இந்நோய் நோவு தருவதில்லை. கண்முன் மின்னல்போலத் தோன்றும் ஒளிக்கீற்றுக்களும், திடீரென மிதக்கும் கரும்புள்ளிகளும், பார்வையின் ஒருபுறத்தே திரை இறங்கினாற் போன்ற நிழலுமே அதன் அறிகுறிகளாம்.

1851இல் எல்ம்கோல்ற்சு என்னும் ஜேர்மானிய அறிஞர் விழியின் உள்ளிடத்தை நோக்குங் கருவியை அமைத்தார். அதன்பின் மருத்துவர் இந்நோயை நேரே கண்டனராயினும், தீர்க்கும் வழியறியாது நெடுங்காலம் மயங்கினர். சுவிற்சலாந்து நாட்டு லோசான் நகர மருத்துவர் யூல்சு கொனின் (1870–1935) என்பவரே, விழித்திரையில் உண்டாகுங் கிழிசலின் ஊடாக நீர் புகுந்து படலத்தைப் பிரிக்கின்றது என வற்புறுத்தி, வெப்பமூட்டிய கருவியால் அக்கிழிசலை அடைத்து வெற்றி கண்டார். இக்காலச் சத்திரசிகிச்சைகளுக்கும் கிழிசலை அடைத்தலே அடிப்படையாகும்.

ஆயினும், சத்திரசிகிச்சை படலத்தை மீண்டும் ஒட்டவைக்குமேயன்றி, மடிந்த கலங்களை உயிர்ப்பிக்காது. அதுவரை அவற்றைக் காத்தல் கூடுமா என்னும் வினாவே அறிஞரை மெலற்றோனின்பால் ஈர்த்தது.

மெலற்றோனின் என்பது இருளிற் பெருகும் ஓர் ஓமோன். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லேணரும் துணைவரும் மாடுகளின் கூம்புருச் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். விழித்திரையும் இதனை உண்டாக்குகின்றது. கலங்களைச் சிதைக்கும் ஒட்சியேற்றப் பொருள்களை அழிக்கும் ஆற்றல் இதற்குண்டு. பரம்பரை விழித்திரைச் சிதைவுடைய சுண்டெலிகளில் இஃது ஒளியுணர் கலங்களின் அழிவைத் தாமதிக்கச் செய்ததென 2001இல் ஓர் ஆய்வு கூறிற்று. எனினும், 1992இல் வெளிவந்த வேறோர் ஆய்வோ, மெலற்றோனின் பெற்ற எலிகளின் கண்கள் கடும் ஒளியால் மிகுதியாகப் பழுதுற்றன எனக் காட்டிற்று. காக்கும் பொருளே பிறிதொரு நிலையிற் கேடு சூழலாம் என்பது இதனாற் புலனாகும்.

எனவே, மெலற்றோனினை விழித்திரைப் பிரிகைக்கு மருந்தெனக் கருதி வாளாவிருத்தல் பெருந்தவறாகும். ஆய்வு தொடர்க. ஆனால், நிழல் கண்ட கண்ணினர் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். தாழ்த்தும் ஒவ்வொரு நாளும் பார்வையை உண்ணும் நாளாகும்.