சிவப்பு மையும் வயது வந்த மாணவரும்

எழுத்தறிவைக் கணக்கெடுப்பு ஒரு விதமாக அளக்கிறது. பெங்களூரு வேறு விதமாக அளக்கிறது.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 'எழுத்தறிவு பெற்றவர்' என்று பெயர் வாங்க ஆங்கிலம் தேவையில்லை. ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் போதும். இந்த அளவுகோலின்படி 2011இல் பெங்களூரு நகர மாவட்டத்தின் எழுத்தறிவு 87.67 சதவிகிதம்.

ஆனால் அந்தக் கணக்கில் தேறிய எல்லோரும் நகரத்தின் பரீட்சையில் தேறிவிடுவதில்லை. கன்னடமோ தமிழோ சரளமாகப் படிக்கிறவரும் ஆங்கிலப் படிவத்தின் முன் திணறுகிறார். தட்டுத் தடுமாறி ஆங்கிலம் கற்றுக்கொண்டால் அடுத்த தடை காத்திருக்கிறது: இலக்கணம். 'ஐ ஆம் நோயிங்' என்றால் நமட்டுச் சிரிப்பு. 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் உடனடித் திருத்தம். சொன்ன விஷயம் காற்றில் போய்விடுகிறது. இத்தனைக்கும், இந்திய ஆங்கிலம் என்று கேலி செய்யப்பட்ட 'ப்ரிபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது.

இந்தத் திருத்தும் வெறிக்கு ஒரு மாற்று இதே நகரத்தின் பெயரில்தான் உலகுக்குத் தெரியும். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தலைமையில் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த 'பெங்களூர் திட்டம்' இலக்கணப் பாடத்தையே ஒதுக்கி வைத்தது. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் திட்டமிடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளே பாடம். பிள்ளை தப்பாகச் சொன்னால் ஆசிரியர் பேச்சுவாக்கில் அதையே சரியாகச் சொல்லிவிட்டு மேலே போவார். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது பிரபுவின் வாதம். 1985இல் வெளிவந்த மதிப்பீடு அதை ஓரளவு ஆதரித்தது. ஒப்பீடு முறையாக நடக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது.

பிரபு சோதித்தது பள்ளிப் பிள்ளைகளிடம். ஆனால் வயது வந்தவருக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். அவர் கையில் வேலை ஏற்கெனவே இருக்கிறது: மருந்துச் சீட்டு, வாடகை ரசீது, ஒப்பந்தத் தாள். பிள்ளைக்கு இல்லாத ஒன்றும் அவரிடம் உண்டு: கூச்சம். ஊரார் முன் ஒரு முறை சிரிப்புக்கு ஆளானவர் மறுநாள் வகுப்புக்கு வருவது சந்தேகம்தான்.

அதற்காக இலக்கணமே வேண்டாம் என்பதில்லை. ரசீதில் 'பெய்ட்' என்று இருந்தால் பணம் கொடுத்தாகிவிட்டது. 'வில் பே' என்றால் இன்னும் பாக்கி. இந்த வித்தியாசம் தெரியாதவர் ஏமாறுவார். இதைச் சொல்லித்தர வேண்டும். 'அபௌட்' காத்திருக்கலாம்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. எந்த மொழியில் கற்பித்தாலும் அவர்கள் முதலில் பழக வேண்டியது எந்தப் பிழையைத் திருத்துவது என்பதல்ல. எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பதுதான்.