பெரிய சில்லு, குறைந்த காற்று

எங்கள் கரையோரத்தில் கெப் வண்டிக்கு ஓய்வு கிடையாது. விடியக்காலையில் கடற்கரை மணலில் இறங்கி ஐஸ் போட்ட மீன்பெட்டி ஏற்றும். பகலில் சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்குள் பசளை மூட்டையோடு போகும். லீவு நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்கு ஓடும். அப்படிப்பட்ட வண்டியைக் கல்முனையில் என் டயர் கடைக்குக் கொண்டுவருகிறவர்களில் பலர், வேலையைச் சொல்வதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: "இதுக்குப் பெரிய சில்லு போட்டா எப்படி இரிக்கும்?"

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. புது வண்டிக்கு வழியில்லாதவன் இருக்கிற வண்டியை மினுக்கத்தானே பார்ப்பான். 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் என்ன, விலையைக் கேட்டவர்கள் பழைய ஹைலக்ஸையே தடவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

வடிவாகத்தான் இருக்கும். அதை நான் மறுப்பதில்லை. டயர் விற்றுத்தான் நானும் சோறு தின்கிறேன். ஆனால் விற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டிவிடுவேன். ஹைலக்ஸில் பரவலாக இருப்பது 265/65ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயர்ச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் றிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். மேற்சுவர், கீழ்ச்சுவர், றிம் மூன்றையும் கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மில்லிமீற்றர். ஆட்கள் ஆசைப்படும் 285/70ஆர்17 எடுத்தால் 831. ஆக 55 மில்லிமீற்றர் கூடுகிறது. இதில் பாதிதான் வண்டியை உயர்த்தும், கிட்டத்தட்ட ஒரு அங்குலம். மற்றப் பாதி மேலே போய் மட்காட்டில் முட்டும். காசு முழுதுக்கும், உயரம் பாதிக்கும் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

போகாமல் நின்ற ஒருவர் சம்மாந்துறைப் போடியார். வயல் நிறைய உள்ளவர், பேச்சும் நிறைய.

"தம்பி, வட்டைக்குள்ள போனா அடி தட்டுது. பெரிசாப் போடு."

"எந்த இடம் தட்டுது ஹாஜியார்?"

குனிந்து பார்த்தோம். பின்னச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டில் வரப்பு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் அவர் கேட்டது நியாயம். ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை எவ்வளவு தூக்கினாலும் உடம்புதான் உயரும், அந்தக் குண்டு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான்.

அளவு பார்ப்பதற்குக் கடையில் கிடந்த 285 ஒன்றை முன்பக்கம் மாட்டினேன். டயரின் தோளில் சோக்கட்டியால் அழுத்திப் பூசிவிட்டு, அந்தச் சில்லை மட்டும் மரக்குற்றியில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக வெட்டச் சொன்னேன். ஒருமுறை இடம், ஒருமுறை வலம். இறக்கிப் பார்த்தால் சோக் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. உள்மட்காட்டின் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு, பம்பரின் பின்மூலையில் ஒன்று, கெபினைச் சேசியில் பிடிக்கும் இடத்தில் ஒன்று. பிளாஸ்டிக்கை வெட்டலாம். சேசிப் பக்கத்து இரும்பை வெட்டுவது வேறு வேலை; அதை நான் செய்வதில்லை.

உரசல் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை வேறு உண்டு. டயர் 7 சதவீதம் உயர்ந்தால் சில்லில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. நெல் மூட்டை அடுக்கிய வண்டி ஈர வயலிலிருந்து வாய்க்கால் கட்டில் ஏறும்போது அந்தக் குறைவைச் சுமப்பது கிளச் பிளேட். பிறேக்குக்கும் பாரமான சில்லைப் பிடித்து நிறுத்துவது கூடுதல் வேலை. வேகமானி 70 காட்டும்போது முன்பு ஓடிய வேகத்தைவிட 5 கிலோமீற்றர் கூட ஓடிக்கொண்டிருப்பீர்கள். பொலிஸ்காரரின் கருவிக்கு உங்கள் டயர் அளவு தெரியாது.

டீசல் கதையும் இதற்குள்தான். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி அளவாக டீசல் எடுத்த நாட்களில், "லீற்றருக்குப் பத்து ஓடின வண்டி, பெரிய டயர் போட்டு ஒன்பதாப் போச்சு" என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்டேன். மீற்றர் காட்டும் ஒன்பது, இந்த டயரோடு உண்மையில் 9.6. நட்டம் இருக்கிறது, ஆனால் சொல்லுகிற அளவுக்கு இல்லை. பாவித்த கெப் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும்: பெரிய டயரோடு மீற்றரில் ஒரு லட்சம் ஓடியிருந்தால் வண்டி அதற்கு மேல் ஏழாயிரம் ஓடியிருக்கிறது.

பெரிய டயருக்கு உலகில் நல்ல உதாரணமும் இருக்கிறது. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் ட்ரக்ஸ் நிறுவனம் ஹைலக்ஸுக்கு 38 அங்குல டயர் போடுகிறது. அவர்கள் தயாரித்துக் கொடுத்த வண்டியில்தான் பிபிசியின் டொப் கியர் குழு 2007இல் உறைந்த கடலைக் கடந்து, 1996இல் காந்த வடதுருவம் இருந்த இடம்வரை போனது. படம் பார்த்த பொடியன்கள் டயரின் உயரத்தை மட்டும் பார்த்தார்கள். அந்த டயரின் வேலை உயரம் அல்ல. உள்ளே நிறையக் காற்று பிடிப்பதால், அதை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கி, டயரைப் பாய் விரித்தாற்போல பனியில் படியவிட்டு, புதையாமல் மிதந்து போகலாம். அதற்காக மட்காட்டை வெட்டி அகலமாக்கி, கியர் விகிதத்தையும் மாற்றியிருக்கிறார்கள். டயரை மட்டும் வாங்கி மாட்டிய வண்டி அல்ல அது.

நமக்குப் பனி இல்லை, மணல் இருக்கிறது. மருதமுனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் கடற்கரையில் புதைந்து நிற்கும் கெப்புகளில் பெரும்பாலானவை ரோட்டுக்கு அடித்த 30, 35 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கியவை. காற்றைப் பாதியாக்கினால் டயர் மணலில் படியும் பரப்பு இரட்டிப்புக்குக் கிட்ட வரும். வெறும் வண்டி என்றால் 18 வரை இறக்குங்கள், மெதுவாகப் போங்கள், ஸ்டியரிங்கைச் சடாரென்று வெட்டாதீர்கள். வெட்டினால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் றோட்டில் ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் சூடேறி வெடிக்கும். மூட்டையோ மீனோ ஏற்றியிருந்தால் இந்த அளவுக்கு இறக்கக் கூடாது. காற்றுமானி ஒன்றும் பெட்டரியில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஒன்றும், பெரிய டயர் செட்டின் விலையில் ஒரு மூலைக்கும் வராது.

மழைக்காலத்தில் வேறொரு கேள்வி வரும்: "உசத்தினா வெள்ளத்துக்குள்ள போகலாமா?" 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போய் மதரசா மாணவர்களின் உயிரைப் பறித்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தின் சில்லைவிட உயரமாக எந்தக் கெப்புக்கும் போட முடியாது. ஓடும் தண்ணீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். காற்று அடைத்த பெரிய டயர் அதே நேரத்தில் வண்டியைத் தூக்கி, நிலத்தில் பிடியைக் குறைக்கும். இதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: போகாதீர்கள்.

றிம் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஹைலக்ஸுக்கும் எல்200க்கும் ஆறு நட், நட் வட்டம் இரண்டிலும் 139.7 மில்லிமீற்றர். ஆகவே சரிவரும் என்று பழைய றிம்மை வாங்கிவருவார்கள். நடு ஓட்டை ஹைலக்ஸில் 106, எல்200இல் 67. எல்200 றிம் ஹைலக்ஸின் ஹப்பில் உட்காரவே உட்காராது. ஹைலக்ஸ் றிம் எல்200இல் போகும். ஆனால் நடுவைத் தாங்க ஒன்றும் இல்லாமல் நட்டை மட்டும் நம்பித் தொங்கும், 80 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். சில்லு வெளியே துருத்தி நிற்கிற றிம்மும் வேண்டாம். அது பெயாரிங்கைத் தின்னும், மழைச் சேற்றைக் கதவு முழுக்க அள்ளி இறைக்கும். சுமை ஏற்றுகிறவர்கள் டயரின் பக்கத்தில் உள்ள பார எண்ணையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450. வாகனப் பதிவுப் புத்தகத்தில் டயர் அளவுக்கென்று ஒரு கட்டம் இருப்பதையும் மறக்க வேண்டாம். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரரின் கண் அங்கே போகலாம்.

போடியாருக்குக் கடைசியில் 265/70ஆர்17 போட்டோம், சேற்றுக்கும் றோட்டுக்கும் பொதுவான பூ வெட்டியது. குண்டு 13 மில்லிமீற்றர் உயர்ந்தது, எதுவும் உரசவில்லை, கிளச்சுக்கும் பெரிய சுமை இல்லை. பில்லைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு சில்லுக்கு அஞ்சு டயரா போட்டிரிக்காய்?"

"ஸ்பேரும் அதே அளவு இரிக்கணும் ஹாஜியார். ஃபோர்வீல்ல போட்டு ஓடக்குள்ள முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு எண்டா டிஃபரன்ஷியல் போயிரும்."

"அப்ப பழைய அஞ்சையும் நீ எடுத்துக்க, விலையைக் கழி."

பழைய டயர்களின் திகதியைப் பார்த்தேன். 1416. 2016இன் பதினான்காம் வாரம். கழிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றேன். அரை மணி நேரம் பேசினோம். பழையதை அவரே ஏற்றிக்கொண்டு போனார், வாடிக்குப் பக்கத்தில் கட்டுக்குப் போடுவாராம். நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட் இறுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.