தொண்டைமானாற்று முகத்தில் மறைந்த கப்பல்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே, கடலையே வயலாகக் கொண்டு வாழ்ந்த ஊர் மயிலிட்டி. அதன் கரையில் நின்று நோக்குவார்க்குத் தெரிவது நீர் ஒன்றே. எனினும் அந்நீருக்கு அப்பால், வடக்கே சற்று மேற்குச் சாய்ந்து, சுமார் 30 கடல் மைல் தொலைவில் இருப்பது சோழநாட்டுக் கோடிக்கரை. 'கல்கி' வார இதழில் 1950ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கி 1954ஆம் ஆண்டு மே மாதம் வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைப் படித்த யாழ்ப்பாணத்து வாசகர்க்கு அக்கரை வெறும் நிலப்படப் பெயராக இருந்திராது. பூங்குழலி என்னும் ஓடக்காரப் பெண் படகைத் தள்ளிக்கொண்டு புறப்படுவது அங்கிருந்துதான்.

சரித்திரக் கதையை அரண்மனைக்குள் இருந்து படிப்பது ஒரு வகை; கடற்கரையில் இருந்து படிப்பது வேறொரு வகை. தஞ்சையிலோ பழையாறையிலோ நிகழும் சூழ்ச்சிகளை மயிலிட்டி வலைஞர் ஒருவர் ஆசிரியர் சொன்னபடியே ஏற்றுக்கொள்வார். மறுப்பதற்கு அவரிடம் சான்று இல்லை. ஆனால் கதை கடலில் இறங்கியவுடன் அவர் நீதிபதியாகி விடுகிறார். ஆடி, ஆவணி மாதங்களில் சோளகம் வீசுமே, அக்காலத்தில் இத்துணைத் தொலைவைத் துடுப்பை மட்டும் நம்பிக் கடத்தல் இயலுமா என்று கேட்பார். அவ்வாறு கேட்பவர் கதையை வெறுப்பவர் அல்லர். பூங்குழலியைத் தம் ஊர்ப் பெண்ணாகக் கருதுவதனாலேயே அவளுடைய தொழிலில் பிழை நேர்வதைப் பொறுக்க மாட்டாதவர்.

அந்நாவலில், இளவரசர் அருள்மொழிவர்மரைச் சிறைசெய்ய வந்த கப்பல்கள் தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் மறைந்து நிற்கின்றன. தொண்டைமானாறு மயிலிட்டிக்குக் கிழக்கே அதே கரையில் உள்ளது. இவ்விடத்தில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. அந்நீர்நிலைக்குப் பெயர் வந்தது கருணாகரத் தொண்டைமானால் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. உப்பு ஏற்றிச் செல்வதற்காக அவன் அதனை வெட்டித் திருத்தினான் என்பர். கருணாகரத் தொண்டைமானோ கலிங்கப் போரில் புகழ்பெற்ற முதலாம் குலோத்துங்கனின் தானைத் தலைவன். அக்குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 வரை. கல்கியின் கதை நிகழும் காலமோ பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. வழக்கு உண்மையாயின், அந்தக் கப்பல்கள் அப்பொழுது பெயர் பெறாத ஆற்றில் நின்றிருக்க வேண்டும்! வழக்குப் பிழையாயிருத்தலும் கூடும். தொண்டைமான் என்ற பட்டம் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. எவ்வாறாயினும் கதை இதனால் கெட்டுப் போகவில்லை. சரித்திரக் கதையின் ஆசிரியன் எங்கே சான்றின்மேல் நிற்கிறான், எங்கே துணிந்து தாண்டுகிறான் என்பதைக் காணும் இன்பம் வாசகனுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

இவ்வின்பத்தை நாடக மேடை அறியாது. மயிலிட்டிக்கு அயலூரான காங்கேசன்துறையில் 1924இல் பிறந்தவர் நடிகமணி வி. வி. வைரமுத்து. அவர் அரிச்சந்திரனாக வந்த மயான காண்டம் குடாநாட்டின் கோயில் வீதிகளில் ஆண்டாண்டாக, எண்ணிறந்த இரவுகளில் நடைபெற்றது. சுடலை காக்கும் அரசன், தன் மனைவி என்று அறியாமல் ஒரு பெண்ணிடம் கால்பணமும் முழத்துண்டும் கேட்பான். அடுத்து என்ன நிகழும் என்பது கொட்டகையின் முன்வரிசையில் உறங்கிவழியும் சிறுவனுக்கும் தெரியும். மர்மம் சிறிதும் இல்லை. ஆயினும் விடியும்வரை எவரும் எழுந்து போவதில்லை. தெரிந்த முடிவை நோக்கி ஒரு மனிதன் எவ்வாறு நடந்து செல்கிறான் என்பதே அங்கே காணத்தக்கது. ஆர்மோனியத்தோடு இழையும் குரலில் அந்த நடை நீண்டு கொண்டே செல்லும். வைரமுத்து 1989இல் காலமானார். அடுத்த ஆண்டே அக்கரை ஊர்கள் மனிதரற்றுப் போயின.

திரைப்படம் இவ்விரண்டிற்கும் நடுவே பிறந்தது. 1948இல் வந்த 'சந்திரலேகா', 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போன்ற ராஜா ராணிப் படங்களுக்கு நாடும் இல்லை, ஆண்டும் இல்லை. முன்னதில் முரசுகளின்மேல் ஆடிய நடனமும், பின்னதில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடிய நடனமும் நினைவில் நிற்கின்றன. எந்த அரசனுக்காக என்பது நிற்பதில்லை. அவற்றைச் சரித்திரப் படங்கள் என்று அழைப்பது வழக்கமாயினும் பொருந்தாது. உடையும் வாளும் மட்டும் பழமை ஆகா. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வேறு வகை. அதற்கு ஓர் ஊர் உண்டு, 1799 என்னும் ஆண்டு உண்டு, கயத்தாற்றில் ஒரு தூக்குமரம் உண்டு. அதன் வெளிப்புறக் காட்சிகள் தொலைவிலுள்ள ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டமையால் பாஞ்சாலங்குறிச்சியின் மண் திரையில் இராசபுதனத்து மண்ணாயிற்று. சிவாஜி கணேசனின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதனை எவர் கவனித்தார்?

மர்மக் கதையின் சரக்கு வேறு. யாவர்க்கும் தெரிந்த ஒன்றையும் எவர்க்கும் தெரியாத ஒன்றையும் அது ஒருங்கே வைத்துக்கொள்ள வேண்டும். 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் இறப்பான் என்பது சரித்திரம். யார் கொன்றார் என்பது கேள்வி. இதற்கு அடிப்படை, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 987ஆம் ஆண்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் அரசகுமாரனைக் கொன்ற துரோகிகள் என்றும், அவர்களுடையனவும் அவர்தம் சுற்றத்தாருடையனவுமான உடைமைகள் பறிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. பெயர்கள் கிடைத்துவிட்டன; ஆனால் காரணம் கிடைக்கவில்லை. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராயன் என்ற பட்டம். ஒன்று பாண்டியரை நினைவூட்டுகிறது, மற்றொன்று சோழரின் பெயரையே தாங்கி நிற்கிறது. கொலையுண்டது 970ஐ ஒட்டிய ஆண்டுகளில். இடையே உத்தம சோழனின் ஆட்சி. தண்டனை ஏன் இத்துணைக் காலம் தாழ்ந்தது? நீலகண்ட சாத்திரியார் உத்தமன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. கல்கியோ பாண்டிய நாட்டுச் சதியைக் கதைக்கு நூலாகப் பற்றிக்கொண்டு, குத்தியவர் கை யாருடையது என்பதை மட்டும் இருளில் விட்டார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் இரண்டு பாகங்களாகப் படமாக்கியபோதும் மக்கள் பேசிக்கொண்டது அந்த இருளைப் பற்றியே. ஆசிரியர் ஒருவர் சோம்பலால் விடும் இடைவெளி வேறு. சான்று முடிந்த இடத்தில் நாணயமாக நின்றுகொள்வது வேறு.

தமிழில் வரலாற்று நாவலுக்கு முதலடி எடுத்து வைத்தவர் இவ்விலங்கைத் தீவினர் என்பதை இங்கே நினைவுகூரலாம். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது நாயக்கர் காலத்துத் தென்னகத்தை. வீட்டருகே மர்மம் இல்லாமலா போயிற்று?

சங்கிலியையே கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராயிருந்த க. கணபதிப்பிள்ளை 'சங்கிலி' என்னும் நாடகத்தை 1956இல் அளித்தார். அப்பெயரைக் கேட்டவுடன் மனக்கண்ணில் தோன்றுவது ஒரே மன்னன். சரித்திரத்திலோ இருவர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544இல் மன்னாரில் மதம் மாறியோரைக் கொல்வித்தவன். இரண்டாமவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவில் கொலைத்தண்டனை பெற்றவன். மயிலிட்டிக்கு மேற்கே உள்ள மாதகலிற் பிறந்த மயில்வாகனப் புலவர், ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியபோது, முக்கால் நூற்றாண்டு இடைவெளியுள்ள இவ்விருவரின் செயல்களும் ஒருவன் தலையிலேயே ஏறிவிட்டன. கொடியவனும் அவனே, நாட்டுக்காக மாண்டவனும் அவனே! நாடகத்துக்கு இதைவிட வாய்ப்பான பாத்திரம் அமையாது. ஆனால் மன்னாரில் மாண்டவர்களின் வழிவந்தோர்க்கும், நல்லூர்ச் சிலையின்முன் நிற்போர்க்கும் இது வெறும் பாத்திரப் படைப்பன்று. ஒருவனை இருவராகப் பிரித்துக் காட்டும் கதையை எழுதத் துணிபவர், அம்மக்கள் அனைவர்க்கும் விடை சொல்லியாக வேண்டும். அத்தகைய நாவல் எழுமாயின், உடையார்குடிக் கதைக்கு அது எவ்வகையிலும் தாழாது.

மயிலிட்டிக்கும் அண்மைக் காலத்தில் ஓர் இடைவெளி நேர்ந்தது. 1990ஆம் ஆண்டு யூனில் போர் காரணமாக ஊர் முழுவதும் வெளியேறிற்று. உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டிருந்த துறைமுகம் 2017ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள் விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகள்! வெளியேறியபோது பிறந்த குழந்தை, தான் கண்டிராத ஊருக்குத் தன் குழந்தையை ஏந்திக்கொண்டு திரும்பும் காலம் அது. திரும்பியவர்க்கு வீதியும் வேலியும் அடையாளம் சொல்லவில்லை. கிணற்றுக்கட்டு ஒன்று, பட்ட மரத்தின் அடி ஒன்று, சுவரின் அத்திவாரம் ஒன்று: இவையே கல்வெட்டுகள். நாடகக் கொட்டகை போட்ட இடம் இதுதான் என்பார் முதியவர் ஒருவர். இல்லை, இன்னும் தெற்கே பத்து முழம் தள்ளி என்பார் அவரொத்த மற்றொருவர். இளையவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பர். பின்பு இருவருமாகக் கிணற்றடிக்குச் சென்று, அங்கிருந்து காலடி வைத்து எண்ணத் தொடங்குவர்.