கீழே விழுந்து கிடக்குது உங்க ஸ்நாக்ஸ்!

மதுரையிலோ சென்னையிலோ பெரிய கடைகளில் டிரை ஃப்ரூட்ஸ் அலமாரி பக்கம் போயிருப்பீங்க. அத்தி, ஆப்ரிகாட், கிவின்னு வரிசை கட்டி நிக்கும். இப்போ காயவெச்ச பேரிக்காய்கூட வந்தாச்சு. உள்ளங்கை அளவு பாக்கெட். விலையைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே பத்திரமா வெச்சுட்டு, பக்கத்து அலமாரியில் பத்து ரூபா சிப்ஸை எடுத்துக்கிட்டு வந்திருப்பீங்க. கரெக்டா?

அந்த பாக்கெட்டுக்குள்ள ஒரு மந்திரமும் இல்லை, பாஸ். 100 கிராம் பேரிக்காயில் சுமார் 84 கிராம் வெறும் தண்ணீர்தான். அதில் பெரும்பகுதியை விரட்டிட்டா பழம் கெடாது, அவ்வளவுதான். விரட்டறதுக்கு வேணுங்கறது வெயிலும் காத்தும். ராமநாதபுரம் மாவட்டத்துல பொறந்துட்டு இந்த ரெண்டுக்கும் காசு கொடுக்கலாமா?

நாம காயவைக்காத பொருளா? கமுதி, முதுகுளத்தூர் பக்கம் களத்துல செக்கச்செவேல்னு காயுற முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. பாம்பன், மண்டபம் கரையில கருவாடு. வாலிநோக்கத்துல கடல் தண்ணியையே காயவெச்சு உப்பாக்குறோம். இப்படி எல்லாத்தையும் காயவைக்கற ஊர்ல பழத்தை மட்டும் ஏன் விட்டுட்டோம்?

‘இங்க என்ன பேரிக்காயா காய்க்குது?’ன்னு கேப்பீங்க. இல்லைதான். அது கொடைக்கானல், ஊட்டி சமாச்சாரம். ஆனா ஆவணி, புரட்டாசியில சாயல்குடி, கடலாடி ரோட்டுல பஸ்ஸுல வரும்போது ஜன்னலைத் திறந்து பாருங்க... இல்லை, மோந்து பாருங்க! கும்முனு ஒரு வாசனை வரும். பனம்பழம். மரத்தடியில கறுப்பா உருண்டு கிடக்கும். சிலதை மாடு தின்னும், சிலதைப் பொடுசுங்க சுட்டுத் தின்னும். மிச்சமெல்லாம் அங்கேயே கிடந்து ஈ மொய்ச்சு வீணாப்போகுது.

இதே பழம் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன ஆகுது தெரியுமா? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். அதைத் தாண்டி யாழ்ப்பாணம் போனா, பனம்பழத்தைப் பிசைஞ்சு, களி எடுத்து, பாயில ஊத்திக் காயவெச்சு ‘பனாட்டு’ ஆக்கிடுறாங்க. ஒரு நாள் ஒரு பூச்சு, அது காய்ஞ்சதும் மேலே இன்னொரு பூச்சுன்னு பல நாள் ஏத்தி, தோல் மாதிரி உரிச்சு, துண்டு போட்டு வெச்சுக்குவாங்க. அதையே பனம்பாணியில ஊறப்போட்டா பாணிப் பனாட்டு! ஒரே மரம், ஒரே வெயில். அவங்களுக்கு அது வருஷம் முழுக்க ஸ்நாக்ஸ். இதையெல்லாம் கவனிக்க ‘பனை அபிவிருத்திச் சபை’ன்னு தனி அரசு அமைப்பே வெச்சிருக்காங்க. நம்ம மண்டபம் முகாம் பக்கம் உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா, அவங்க வீட்டு அம்மம்மாகிட்டே ‘பனாட்டு’ங்கற வார்த்தையை மட்டும் சொல்லிப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் நகர முடியாது!

சரி, வீட்டுல எப்படிச் செய்யறது? மொதல்ல, மரத்துல ஏற வேண்டாம். தானா விழுந்த பழம்தான் வேணும். காத்து அடிக்கும்போது மரத்தடியில நிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பழமும் ஒரு கிலோவுக்கு மேலகூட இருக்கும். தலை ஒண்ணுதான் இருக்கு, அரியர்ஸை வேற கிளியர் பண்ணணும். அன்னன்னைக்கு விழுந்த, வெடிக்காத, பூச்சி போகாத பழமா எடுத்துக் கழுவி, மேல இருக்கற தொப்பியைப் பிடுங்கி, கறுப்புத் தோலைக் கையாலேயே உரிங்க. உள்ளே ஆரஞ்சு நிறத்துல நார்க்காடு. கொஞ்சமா தண்ணி தெளிச்சு நல்லாப் பிசைஞ்சா களி இறங்கும். மெல்லிசுத் துணியில வடிகட்டிடுங்க. இல்லைன்னா தின்னும்போது பல்லிடுக்குல நார் சிக்கி, அன்னைக்குப் பூரா அதோடதான் பேச்சுவார்த்தை.

வடிகட்டினதை உடனே ருசி பாருங்க. இது முக்கியம். பனம்பழத்துல ஃப்ளாபெலிஃபெரின்னு ஒரு வகைக் கசப்புப் பொருள் இருக்கு. மரத்துக்கு மரம் அது மாறும். ஒண்ணு தேன் மாதிரி இருக்கும், பக்கத்து மரத்துப் பழம் மூஞ்சியைச் சுளிக்க வெச்சிடும். கசக்கற களியைக் காயவெச்சா கசப்பும் சேர்ந்து கெட்டியாகும். அதனால இனிப்பா இருக்கறதை மட்டும் வெச்சுக்கிட்டு, அடிகனமான பாத்திரத்துல பத்து நிமிஷம் கிளறிக் கொதிக்க விடுங்க. களத்துல கிடந்த பழமாச்சே, கிருமிக்கு ஒரு டாட்டா காட்டிடுவோம். ஆறினதும், லேசா நெய் தடவின எவர்சில்வர் தட்டுல தோசையை விட மெல்லிசாப் பரப்புங்க. நியூஸ்பேப்பர் மேலே வேண்டாம், மை ஒட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல வைக்கறது அதைவிட மோசம்.

இனிதான் விஷயமே இருக்கு. நம்ம கடற்கரை வெயில் ஒரு நம்பிக்கைத் துரோகி. உச்சியில சுள்ளுனு அடிக்கும், ஆனா காத்துல எப்பவும் ஈரம். வெயில்ல பழம் காய, காத்துல ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தா நல்லதும்பாங்க. ராமேஸ்வரத்துல பல நாள் அதுக்கு மேலதான். உப்புப் பிசுபிசுப்பு கைப்பிடிச் சுவரைக்கூட விடாதே, தட்டை விட்டுடுமா? பகல் முழுக்கக் காய்ஞ்சதை ராத்திரி மொட்டை மாடியிலேயே விட்டா, விடியறதுக்குள்ள விட்ட தண்ணியை எல்லாம் திரும்பக் குடிச்சிடும். மூணாம் நாள் பூஞ்சை. ‘வெயில் சரியில்லை’ன்னு வானத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அதனால காலையில பத்து மணிவாக்குல வெளியே வெச்சு, நாலு மணிக்கு எல்லாம் உள்ளே எடுத்து மூடிடுங்க. வெயிலைவிடக் காத்துதான் இங்கே நம்ம ஆளு. ஆவணியில மேற்கே இருந்து வீசற கச்சான் காத்து தட்டுக்கு மேலயும் கீழயும் புகுந்து வரணும். தரையில வைக்காம கட்டில் மேலயோ, நாலு செங்கல்லுக்கு மேலயோ தூக்கி வையுங்க. மணல்ல போட்ட கருவாட்டுக்கும் பரண்ல காய்ஞ்ச கருவாட்டுக்கும் வித்தியாசம் நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லையே. மேலே கொசுவலை கட்டிட்டா ஈ வராது. முக்கியமா, கருவாடு காயற பக்கமே போயிடாதீங்க. பனாட்டுல நெத்திலி வாசனை வந்தா சாமியே வந்து கேட்டாலும் யாரும் தின்ன மாட்டாங்க!

ரெண்டாம் நாள் ஓரம் தானா கிளம்பும். மெல்ல உரிச்சுத் திருப்பிப் போடுங்க. மூணு நாள்ல ஆரஞ்சு நிறம் கறுத்து, தொட்டா கையில ஒட்டாம, மடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். அதான் பதம். ஐப்பசி மழை வர்றதுக்குள்ள முடிச்சிடணும். அதுக்கப்புறம் நம்ம மாவட்டத்துல மழைக்காலம், வெயிலை நம்ப முடியாது.

பேரிக்காய் ஆசை இன்னும் விடலையா? அதுக்கும் இதே ரூல்தான். ரொம்பக் கனியாத காயா வாங்கி, கால் அங்குல வில்லையா நறுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுங்க. நறுக்கினதும் பழுப்பா மாறுதே, அது பழத்துல இருக்கற ஒரு நொதி காத்தோட சேர்ந்து பண்ற வேலை. எலுமிச்சை அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். ஒரு கிலோ நறுக்கினா கடைசியில ஒரு டம்ளர் தேறும், ஏமாந்துடாதீங்க. ஒரு வில்லையை ரெண்டாக் கிழிச்சு அமுக்கினா ஈரம் கசியக் கூடாது. பேரிக்காயோ பனாட்டோ, காய்ஞ்சதை ஒரு வாரம் கண்ணாடி ஜாடியில போட்டு தினமும் ஒரு தடவை குலுக்கிப் பாருங்க. ஜாடிச் சுவர்ல வேர்த்தா, மறுபடி வெயிலுக்கு. பூஞ்சை தெரிஞ்சா சுரண்டிட்டுத் தின்னாதீங்க, மொத்தமா குப்பைக்கு. வீட்டுல ஃப்ரீஸர் இருந்தா ரெண்டு நாள் அதுல வெச்சு எடுங்க, பூச்சி முட்டை இருந்தா அதோட கதை முடிஞ்சுது.

‘ஹெல்த்தி’ன்னு சொல்றாங்களே, நிஜமா? பாதி நிஜம். நார்ச்சத்து அப்படியே இருக்கும். பனங்களிக்கு அந்த ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கற கரோட்டின் வகைச் சத்து வெயில்ல கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும். ஆனா வைட்டமின் சி பெரும்பாலும் காலி. போறது தண்ணிதான், சர்க்கரை இல்லை. 100 கிராம் பச்சைப் பேரிக்காயில சுமார் 57 கலோரின்னா, 100 கிராம் காய்ஞ்சதுல சுமார் 260! அரை கிலோ பழத்தை ஒரே மூச்சுல யாரும் தின்ன மாட்டோம். அதையே காயவெச்சா ஒரு சினிமா இன்டர்வெல்லுக்குள்ள காலி பண்ணிடுவோம். அதனால நாலஞ்சு துண்டு போதும், அப்புறம் வாயைக் கொப்புளிங்க, பல்லுல ஒட்டும். கடை பாக்கெட் வாங்கறவங்க பின்பக்கம் திருப்பி 220-லிருந்து 228 வரைக்கும் ஏதாவது எண் இருக்கான்னு பாருங்க. அது நிறம் மங்காம இருக்கப் போடற கந்தக வகை. ஆஸ்துமா இருக்கற சிலருக்கு ஒத்துக்காது. நம்ம பனாட்டு கறுப்பாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டுமே!

பழத்தைப் பிழிஞ்சதும் கொட்டையைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க, கதை இன்னும் முடியலை. ஒரு பழத்துல பெரும்பாலும் மூணு கொட்டை. கொல்லையில மணலா இருக்கற இடமாப் பார்த்துப் புதைச்சு வெச்சா, பொங்கலுக்கு பனங்கிழங்கு ரெடி. மஞ்சள், உப்பு போட்டு அவிச்சு, ரெண்டாக் கிழிச்சு, நடுவுல ஓடற நரம்பை எடுத்துட்டு அஞ்சாறு நாள் காயவெச்சா... யாழ்ப்பாணத்துல அதுக்குப் பேர் புழுக்கொடியல். மாசக்கணக்குல கெடாது. கடக்முடக்னு கடிச்சு, கூட ஒரு தேங்காய்ச் சில்லு, ஒரு துணுக்கு கருப்பட்டி சேர்த்துப் பாருங்க. நைட் ஸ்டடிக்கு சிப்ஸ் பாக்கெட்டைத் தேடவே மாட்டீங்க. எனக்குக் கேட்டா பனாட்டைவிட இதுக்குத்தான் முதல் மார்க்.

தமிழ்நாட்டோட மாநில மரம் பனை. ஆனாலும் வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்பறது நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு போட்ட முதல் தனி வேளாண் பட்ஜெட்லதான், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க. சட்டம் நல்லதுதான். ஆனா பதநீர் இறக்க ஏறுறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்ற ஊர்ல, மரத்துக்காரருக்கு அந்த மரத்தால என்ன வருதுங்கற கேள்வி அப்படியே நிக்குது. மரமே ஏறாம கிடைக்கற வரும்படி இந்தப் பழம் ஒண்ணுதான். காலேஜ்ல ஃபுட் ஃபெஸ்டிவல்னா இன்னும் பானிபூரி ஸ்டாலே போடறோம். அடுத்த தடவை ஓலைக்கொட்டான்ல நாலு துண்டு பனாட்டு, நாலு துண்டு புழுக்கொடியல் போட்டு இருபது ரூபாய்க்கு வெச்சுப் பாருங்க. விக்குதா இல்லையான்னு அன்னைக்கு மத்தியானமே தெரிஞ்சிடும். அதுக்கு ஆடியிலேயே கொசுவலையும் நாலு பெரிய தட்டும் தேத்தி வெச்சுக்கணும். தட்டு அம்மாகிட்டே கேட்டா கிடைக்கும். கேட்காம எடுத்தா என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.