ஒட்டுத் தெரியாத பூ

சங்கானேரின் அச்சுப் பூவைக் கம்ப்யூட்டர் நொடியில் பெருக்குகிறது. ஊர்ப் பெயருக்கு வேலி உண்டு, பூவுக்கு இல்லை.

வெள்ளைத் துணியில் சின்னஞ்சிறு சிவப்புப் பூ, பச்சை இலை. ஜெய்ப்பூரின் தென்பகுதியில் உள்ள சங்கானேரின் அடையாளமே இந்த புட்டாதான். நீண்ட மேஜையில் துணியை விரித்து, சாயம் தொட்ட மரக்கட்டையை வைத்துக் கைமுட்டியால் ஓர் அடி. பக்கத்தில் இன்னோர் அடி. ஒரு பூவுக்கு ஒரு கட்டை போதாது. உருவரைக்கு ‘ரேக்’, பின்னணிக்கு ‘கத்’, உள்நிறத்துக்கு ‘தத்தா’ என்று தனித்தனிக் கட்டைகள். எல்லாம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். கட்டை மூலையில் இருக்கும் சிறு புள்ளிதான் வழிகாட்டி. மீதி கண்ணும் கையும். இரண்டு அடிகளுக்கு நடுவே ஒட்டுத் தெரிந்தால் துணி கெட்டது.

கம்ப்யூட்டர் டிசைனரின் கவலையும் இதேதான். துணியை ஸ்கேன் செய்து, டிசைன் திரும்பத் தொடங்கும் இடம்வரை ஒரு சதுரம் வெட்டுகிறார். அதை அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தினால் நான்கு ஓரங்களும் நடுவில் வந்து சேரும். ஒட்டு அங்கே அப்பட்டமாகத் தெரியும். அதைத் திருத்திவிட்டால் போதும், எத்தனை மீட்டருக்கும் பரப்பலாம். இணையப் பக்கத்தின் பின்னணி, செல்போன் திரை, பரிசு சுற்றும் காகிதம், படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் அதே சதுரம்.

வில்லங்கம் படுக்கை விரிப்பில்தான். டிஜிட்டல் பிரிண்டருக்குக் கட்டையும் வேண்டாம், கட்டை செதுக்குபவரும் வேண்டாம். ஸ்கிரீன் பிரிண்டிங்கிடம் ஏற்கெனவே நிறைய வேலையைப் பறிகொடுத்த ஊருக்கு இது இரண்டாவது அடி.

சட்டம்? சங்கானேரி கை அச்சுக்கு 2010ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பது பெயரை. பெயரைச் சொல்லாமல் பூவை மட்டும் எடுத்துக்கொள்பவர் தப்பிவிடுவார். 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டமோ புதிய டிசைன்களுக்குத்தான். அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகள். பாட்டன் காலத்துக் கட்டைக்கு எந்தப் புதுமையைக் காட்டுவது? புதிதாகவே வரைந்தாலும், டிசைனைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15வது பிரிவு. ஒரே துணியில் நூற்றுக்கணக்கான முறை கட்டை அடிப்பவருக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும்.

வாங்குபவர் ஏமாறாமல் இருக்க வழி உண்டு. கைவேலையில் கட்டையின் கீறல் ஒவ்வொரு அடியிலும் வரும். ஆனால் சாயத்தின் அடர்த்தியும், நிறம் கோட்டைவிட்டு விலகும் அளவும் அடிக்கு அடி மாறும். கெட்டிக்கார டிசைனர்கள் இதையும் விடவில்லை. இலையை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கிக் கைவேலை போலக் காட்டுகிறார்கள். ஆனால் சதுரம் ஒன்றுதானே? விலகிய அதே இலை சில அங்குலம் தள்ளி, இம்மியும் மாறாமல் அதே அளவு விலகி நிற்கும்.